சந்தேகப்படுவது யாருடைய கடமை?

2001 நவம்பர் 8 தேதியிட்ட 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில், உலகெங்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் நடைமுறையை மாற்றிப்போட்ட இரண்டு ஆய்வுக் கட்டுரைகள் அடுத்தடுத்து வெளியாயின. முதலாவது பெல்ஜியத்தின் லூவன் நகரிலிருந்து வந்தது. கிரீட் வான் டென் பெர்ஹே தலைமையிலான குழு, ஐசியுவில் இருந்த 1,548 நோயாளிகளில் ஒரு பாதிக்கு இன்சுலினை விடாமல் ஏற்றி, ரத்தச் சர்க்கரையை 80-க்கும் 110-க்கும் இடையே பிடித்து வைத்தது. ஐசியுவில் இறந்தோர் 8 சதவீதத்திலிருந்து 4.6 ஆகக் குறைந்தார்கள். இரண்டாவது கட்டுரை அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்து மருத்துவர் இமானுவல் ரிவர்ஸ் எழுதியது. செப்சிஸ், அதாவது கிருமித்தொற்றால் உறுப்புகள் பழுதடையும் நிலை, முற்றி வந்த 263 பேரில் ஒரு குழுவினருக்கு, முதல் ஆறு மணி நேரத்துக்குள் குறிப்பிட்ட அளவுகளை எட்டும்வரை சலைன், மருந்து, ரத்தம் என்று படிப்படியாகக் கொடுத்தார்கள். மருத்துவமனையில் இறந்தோர் விகிதம் 46.5 சதவீதத்திலிருந்து 30.5 ஆக இறங்கியது.

அதே ஆண்டு மார்ச்சில் அதே இதழில் இன்னொரு நற்செய்தி வந்திருந்தது. எலி லில்லி நிறுவனத்தின் 'சிக்ரிஸ்' என்ற மருந்து செப்சிஸ் சாவை 30.8 சதவீதத்திலிருந்து 24.7 ஆகக் குறைக்கிறது என்றது 1,690 பேரிடம் நடந்த ஆய்வு.

டிசம்பரில் நான்காவதாக ஒன்று வந்தது. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலின் கிறிஸ்துமஸ் இதழில், இஸ்ரேலிய மருத்துவர் லியோனார்ட் லைபோவிசி எழுதியது. 1990 முதல் 1996 வரை ரத்தத்தில் கிருமித்தொற்றோடு ஒரே மருத்துவமனையில் சேர்ந்த 3,393 பேரின் பட்டியலை எடுத்துக்கொண்டார். 2000 ஜூலையில் அவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதியினரின் முதல் பெயர்களை மட்டும் ஒருவரிடம் கொடுத்தார். அவர் அந்தக் குழு நலம்பெற வேண்டும் என்று ஒரு சிறு ஜெபம் செய்தார். பிறகு பழைய ஆவணங்களைத் திறந்து பார்த்தார்கள். இறப்பில் சொல்லும்படியான வேறுபாடில்லை. ஆனால் ஜெபிக்கப்பட்டவர்கள் மருத்துவமனையில் தங்கிய நாட்களும் காய்ச்சல் நீடித்த நாட்களும், புள்ளியியல் கணக்குப்படி, தெளிவாகக் குறைவு. ஜெபம் நடந்ததோ அவர்கள் பிழைத்தோ இறந்தோ வெளியேறி நான்கிலிருந்து பத்து ஆண்டுகள் கழித்து.

முதல் மூன்றையும் மருத்துவ உலகம் நம்பியது. நான்காவதைப் பார்த்துப் பெரும்பாலோர் சிரித்தார்கள். சிலர் சிரிக்கவும் இல்லை: ஜெப ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிட்ட காக்ரேன் தொகுப்பில் இதுவும் ஒரு ஆய்வாகவே சேர்க்கப்பட்டது. லைபோவிசியின் நோக்கம் வேறு. முறையில் குறை காண முடியாத ஓர் ஆய்வு, நடக்கவே முடியாத ஒன்றை நிரூபித்துக் காட்டினால் நம்புவீர்களா என்று அவர் கேட்டிருந்தார். நம்பமாட்டேன் என்பவர், ஆய்வைப் படிப்பதற்கு முன்பே தன்னிடம் ஒரு நம்பிக்கை இருந்ததை ஒப்புக்கொள்கிறார். அப்படியானால், நம்பும்படி இருக்கிற ஆய்வை நம்பியதிலும் அந்த முன் நம்பிக்கைக்குப் பங்கு உண்டுதானே?

ஜெபத்தை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோன வேறு சிலர் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஹெர்பர்ட் பென்சன் குழு, பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1,802 பேரிடம் நடத்திய ஆய்வு 2006-இல் வெளிவந்தது. தமக்காக யாரோ ஜெபிக்கிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்தவர்களில் 59 சதவீதம் பேருக்குச் சிக்கல்கள் வந்தன. ஜெபிக்கலாம், ஜெபிக்காமலும் இருக்கலாம் என்று மட்டும் சொல்லப்பட்டவர்களில், ஜெபம் பெற்றோருக்கு 52, பெறாதோருக்கு 51. கடவுள் இல்லை என்பவரும் இதிலிருந்து எதையும் நிரூபிக்க முடியாது. ஜெபமில்லாத குழுவில் விழுந்தவருக்காக அவருடைய அம்மா ஜெபிக்காமலா இருந்திருப்பார்?

சிரிக்காமல் நம்பிய மூன்றுக்கும் என்ன ஆயிற்று என்பதுதான் இங்கே முக்கியம். 2009-இல் 42 மருத்துவமனைகளில் 6,104 பேரிடம் சர்க்கரைக் கட்டுப்பாட்டை மறுபடி சோதித்தார்கள். கறாராகக் கட்டுப்படுத்தப்பட்டவர்களில் 90 நாட்களுக்குள் 27.5 சதவீதம் பேர் இறந்தார்கள். 180 வரை விட்டுவைக்கப்பட்டவர்களில் 24.9. சர்க்கரை அபாயகரமாக இறங்கியது ஒரு பக்கம் 6.8 சதவீதம் பேருக்கு, மறுபக்கம் 0.5. வீட்டில் இருக்கும் சர்க்கரை நோயாளிக்கு 'லோ சுகர்' வந்தால் வியர்க்கும், கை நடுங்கும், ஒரு வாய் சர்க்கரை கேட்பார். வென்டிலேட்டரில் மயக்க மருந்தோடு கிடப்பவரால் எதையும் கேட்க முடியாது. அடுத்த முறை நர்ஸ் ரத்தம் எடுத்துப் பார்க்கும்வரை மூளை பட்டினி கிடக்கும்.

சிக்ரிஸ் கதை இன்னும் சுருக்கம். மறு ஆய்வில் மருந்து பெற்றவர்களில் 26.4 சதவீதம் பேரும் பெறாதவர்களில் 24.2 சதவீதம் பேரும் இறந்தார்கள். 2011 அக்டோபரில் நிறுவனம் அதை உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. ரிவர்ஸின் முறையை அமெரிக்கா, ஆஸ்திரேலியா-நியூசிலாந்து, இங்கிலாந்து என்று மூன்று பெரிய ஆய்வுகள் 2014-லும் 2015-லும் சோதித்தன. வழக்கமான சிகிச்சையைவிட அது மேலானதாக ஒன்றுகூடக் காட்டவில்லை. ரிவர்ஸ் பக்கத்து வாதமும் கேட்கத் தக்கது: அவர் கொடுத்த தாக்கத்தால் எல்லா மருத்துவமனைகளும் செப்சிஸை முன்கூட்டியே கண்டுபிடித்து, உடனே ஆன்டிபயாடிக் கொடுக்கத் தொடங்கிவிட்டன, ஆகவே 'வழக்கமான சிகிச்சை'யே மாறிவிட்டது.

2001-இன் நான்கு ஆய்வுகளில், இன்றும் சொன்னது சொன்னபடி நிற்பது அந்தக் கிறிஸ்துமஸ் குறும்பு எழுப்பிய கேள்விதான்.

போதிய சான்று இல்லாமல் நம்புவது வெறும் அறிவுப் பிழையா, ஒழுக்கக் குற்றமா? இந்த வழக்கு ஐசியுக்கள் தோன்றுவதற்கு முன்பே தத்துவத்தில் நடந்திருக்கிறது. வில்லியம் கிங்டன் கிளிஃபர்ட் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1877-இல் ஒரு கப்பல் முதலாளியின் கதையைச் சொன்னார். வெளிநாட்டில் குடியேறப் போகிறவர்களை ஏற்றிச் செல்லவிருக்கும் பழைய கப்பல். அது தாங்குமா என்று முதலாளிக்கே உறுத்தல். பழுது பார்த்தால் செலவு. இத்தனை முறை போய் வந்த கப்பல்தானே, ஆண்டவன் பார்த்துக்கொள்வான் என்று மனதைத் தேற்றி, தேற்றிய பிறகு மனப்பூர்வமாகவே நம்பி, கப்பலை அனுப்புகிறார். அது நடுக்கடலில் மூழ்குகிறது. இவர் காப்பீட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு வாய் திறக்காமல் இருந்துவிடுகிறார். அவருடைய நம்பிக்கை உண்மையானதாகவே இருந்தாலும் அப்படி நம்ப அவருக்கு உரிமை இல்லை என்றார் கிளிஃபர்ட். ஒருபடி மேலே போய், கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும் குற்றம் குற்றமே என்றார்.

இதற்குப் பதில் 1896-இல் அமெரிக்காவிலிருந்து வந்தது. சொன்னவர் வில்லியம் ஜேம்ஸ். தத்துவப் பேராசிரியர் என்றே உலகம் அறிந்த அவர் ஹார்வர்டில் மருத்துவப் பட்டம் பெற்றவர். சில கேள்விகள் சான்று வரும்வரை காத்திருக்காது, ஒதுங்கி நிற்கவும் இடம் தராது, பெரிய பலாபலனும் கொண்டவை என்றார் அவர். அறிவால் தீர்க்க முடியாத அத்தகைய கேள்விகளில் மனம் சாயும் பக்கம் நம்புவதற்கு மனிதனுக்கு உரிமை உண்டு. முடிவெடுக்காமல் இருப்பதும் ஒரு முடிவுதான்.

கணிதரும் மருத்துவரும் நடத்திய இந்த வாதம், இரவு இரண்டு மணிக்கு ஐசியுவில் தினமும் நடக்கிறது. பிபி இறங்கிக்கொண்டிருக்கிறது, சிறுநீர் வரவில்லை, வெளியே குடும்பம் நிற்கிறது. 'சான்று போதாது' என்று கைகட்டி நிற்க முடியாது. ஜேம்ஸ் பக்கம்தான் நியாயம் என்று தோன்றும். ஆனால் அவர் தன் உரிமைக்குப் போட்ட வேலியை மறந்துவிடக் கூடாது: அது அறிவால் தீர்க்க முடியாத கேள்விகளுக்கு மட்டும். 'இந்த மருந்து உயிர் காக்குமா?' என்பது தீர்க்கக்கூடிய கேள்வி. இன்றிரவுக்குள் தீர்க்க முடியாது, அவ்வளவுதான்.

இந்த இடுக்கிலிருந்து வெளிவரக் கண்டுபிடித்த வழிதான் குலுக்கல் முறை ஆய்வு. மருத்துவர் செயல்படவும் செய்கிறார், சந்தேகத்தையும் கைவிடவில்லை. அதில் ஒரு சங்கடம் உண்டு. ஒரு சிகிச்சை நல்லது என்று உள்ளூர நம்புகிற மருத்துவர், தன் நோயாளியைக் குலுக்கலுக்கு விடலாமா? பெஞ்சமின் ஃப்ரீட்மன் என்ற தத்துவ அறிஞர் 1987-இல் ஒரு விடை சொன்னார்: தனி மருத்துவரின் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது முக்கியமில்லை, விவரமறிந்த சக மருத்துவர்களிடையே நேர்மையான கருத்து வேறுபாடு இருக்கிறதா என்பதே கேள்வி. இருந்தால், குலுக்கல் நியாயம். இதை ஏற்றுக்கொண்டால், மருத்துவர்கள் ஒருவர் ஆய்வை மற்றவர் குடைந்து கேள்வி கேட்பது வெறும் பண்டிதச் சண்டை ஆகாது. யாரை எந்தச் சோதனைக்கு உட்படுத்தலாம் என்பதற்கான அனுமதியே அந்தச் சண்டையிலிருந்துதான் பிறக்கிறது.

அதற்கு உள்ள விலையைப் பச்சிளங்குழந்தைகளுக்கான எக்மோ ஆய்வுகள் காட்டின. நுரையீரல் செயலிழந்த குழந்தையின் ரத்தத்தை வெளியே எடுத்து, இயந்திரத்தில் ஆக்சிஜன் ஏற்றி, உடலுக்குத் திருப்பி அனுப்பும் சிகிச்சை அது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பார்ட்லெட் 1985-இல் வெளியிட்ட ஆய்வில், ஜெயிக்கிற சிகிச்சைக்கே அடுத்தடுத்த குழந்தைகள் அதிகமாகப் போகும்படி குலுக்கலை வடிவமைத்திருந்தார்கள். மொத்தம் 12 குழந்தைகள். பழைய சிகிச்சை ஒரே ஒரு குழந்தைக்கு, அது இறந்தது. எக்மோ பெற்ற 11 குழந்தைகளும் பிழைத்தன. கருணையான ஆய்வுதான். ஆனால் ஒரு குழந்தையை வைத்து எப்படி ஒப்பிடுவது என்று கேட்டார்கள் விமர்சகர்கள். கேட்டது சரி. அதன் விளைவாக பிரிட்டனில் 185 குழந்தைகளிடம் ஆய்வு நடந்து 1996-இல் முடிவு வந்தது: எக்மோவுக்குப் போன 93 பேரில் 30 குழந்தைகள் இறந்தன, வழக்கமான சிகிச்சை பெற்ற 92 பேரில் 54. பார்ட்லெட் முதலிலேயே சரியாகத்தான் நம்பியிருந்தார். அந்தப் பிரிட்டிஷ் ஆய்வு தேவையா இல்லையா என்று இன்றும் எளிதாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

இத்தகைய குடைச்சலுக்கு மருத்துவக் கல்லூரிகளில் ஜர்னல் கிளப் என்று பெயர். ஒரு கட்டுரையைக் கையில் எடுத்து, இளையவர் முதல் பேராசிரியர்வரை உட்கார்ந்து கிழிப்பார்கள். லூவன் ஆய்வை அப்படிக் கிழித்தால் என்ன கிடைக்கும்? ஒரே மருத்துவமனை. நோயாளிகளில் பெரும்பகுதி இதய அறுவை செய்துகொண்டவர்கள். யாருக்கு எந்த சிகிச்சை என்பது ஊழியர்களுக்குத் தெரிந்தே இருந்தது. சேர்ந்த நாளன்றே ஒவ்வொருவருக்கும் 200 முதல் 300 கிராம்வரை குளுக்கோஸ் நரம்பு வழியாக ஏறியது. மற்ற ஐசியுக்களில் அப்படிச் செய்வதில்லை. இத்தனை குளுக்கோஸ் கொடுத்ததால் வந்த கெடுதலைத்தான் இன்சுலின் சரிசெய்ததோ என்ற கேள்வி அப்போதே எழுந்தது. சிக்ரிஸ் விஷயத்திலோ, ஆய்வின் நடுவில் விதிகள் மாற்றப்பட்டிருந்தன. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு 10-க்கு 10 என்று சமமாகப் பிரிந்து வாக்களித்தது. ஆனாலும் மருந்துக்கு அனுமதி கிடைத்தது. 2004-இல் வந்த சர்வதேச செப்சிஸ் வழிகாட்டுதலில் ரிவர்ஸின் முறை, சிக்ரிஸ், சற்றே தளர்த்தப்பட்ட சர்க்கரைக் கட்டுப்பாடு மூன்றுமே இடம்பெற்றன. அந்த வழிகாட்டுதலை முன்னெடுத்த இயக்கத்துக்கு எலி லில்லியின் பண உதவி இருந்ததை 2006-இல் மூன்று மருத்துவர்கள் அதே நியூ இங்கிலாந்து ஜர்னலிலேயே அம்பலப்படுத்தினார்கள்.

கிளிஃபர்டின் கப்பல் முதலாளிக்கும் உறுத்தல் இருந்தது. அதை அவர் தானே அமுக்கினார். இங்கே உறுத்தலைச் சிலர் உரக்கச் சொல்லியும் அது வழிகாட்டுதலின் அச்செழுத்தில் காணாமல் போயிற்று.

அதற்காகச் சந்தேகமே எப்போதும் புண்ணியம் என்று ஆகிவிடாது. 2000 மே மாதம் வெளிவந்த ஓர் ஆய்வு, நுரையீரல் கடுமையாகப் பழுதடைந்த 861 பேருக்கு வென்டிலேட்டர் ஒவ்வொரு மூச்சிலும் எவ்வளவு காற்றைத் தள்ள வேண்டும் என்று பார்த்தது. கிலோவுக்கு 12 மில்லி பெற்றவர்களில் 39.8 சதவீதம் பேர் இறந்தார்கள். 6 மில்லி பெற்றவர்களில் 31. கிலோ என்பது ஆளின் உண்மையான எடை அன்று, உயரத்தை வைத்துக் கணக்கிடுவது. நுரையீரல் தொப்பையோடு சேர்ந்து வளர்வதில்லை. 165 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆண் 90 கிலோ இருந்தாலும் கணக்குக்கு அவர் ஏறத்தாழ 61 கிலோதான். ஒரு மூச்சுக்கு 370 மில்லி போதும். இதற்கு வேண்டியது ஒரு டேப்பும் பெருக்கல் கணக்கும் மட்டுமே; மருந்துச் செலவு கிடையாது. ஒப்பீட்டுக்கு எடுத்த 12 மில்லி அன்றைய வழக்கத்தைவிட அதிகம் என்று விமர்சகர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த விவாதம் அடங்கிப் பல ஆண்டுகள் ஆனபிறகும், 50 நாடுகளின் 459 ஐசியுக்களில் எடுத்து 2016-இல் வெளியான கணக்கெடுப்பில், 8 மில்லியோ அதற்குக் குறைவோ பெற்ற நோயாளிகள் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. இலேசான பாதிப்பு உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இந்த நோய் இருப்பதையே மருத்துவர்கள் இனங்காணவில்லை. இது தத்துவச் சந்தேகம் ஆகாது. பழக்கம் சந்தேகத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தது.

கருணையின் சட்டையைப் போட்டுக்கொண்டு வரும் பழக்கமும் உண்டு. கடும் தொற்றோடு கை கால் சில்லிட்டு வரும் குழந்தைக்குச் சலைனை வேகமாக ஏற்றுவது உலகம் ஒப்புக்கொண்ட முறை. அதை மறுப்பது கொடுமை என்றே பலரும் நினைத்திருப்பார்கள். கேத்ரின் மெய்ட்லண்ட் குழு உகாண்டா, கென்யா, தான்சானியாவில் 3,141 குழந்தைகளிடம் இதைச் சோதித்து 2011-இல் வெளியிட்டது. வேகமாகச் சலைன் ஏறிய குழந்தைகளில் 48 மணி நேரத்துக்குள் 10.5 சதவீதம் இறந்தன, ஏறாதவற்றில் 7.3. அங்கே மலேரியா அதிகம், வென்டிலேட்டர் இல்லை, ஆகவே மற்ற இடங்களுக்குப் பொருந்தாது என்றார்கள் விமர்சகர்கள். இருக்கலாம். ஆனால் ஆய்வுக்கு முன், 'அங்கே பொருந்துமா?' என்று கேட்காமலேயே அந்த முறை அந்த நாடுகளுக்கும் பரிந்துரைக்கப்பட்டிருந்தது.

மருத்துவ அறநெறியில் ஒரு விசித்திரமான ஏற்றத்தாழ்வு இருப்பதை பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர் ரிச்சர்ட் ஸ்மிதெல்ஸ் 1970-களில் சுட்டிக்காட்டினார். ஒரு மருந்தைத் தன் நோயாளிகளில் பாதிப் பேருக்குக் கொடுத்து ஒப்பிட வேண்டுமென்றால் குழுக்களின் அனுமதி வேண்டும். எல்லாருக்குமே கொடுத்துவிட்டால் யாரும் கேட்பதில்லை. 'தெரியாது' என்பவர்தான் படிவம் நிரப்புகிறார். 'எனக்குத் தெரியும்' என்பவருக்கு ஒரு கையெழுத்தும் தேவைப்படுவதில்லை.

கொரோனா காலத்தில் இது உலகத்தின் கண்முன்னே நடந்தது. 2021 ஏப்ரலில் வாட்ஸ்அப் முழுக்கப் பிளாஸ்மா கேட்கும் செய்திகள். நோயிலிருந்து தேறியவரைத் தேடி இரவெல்லாம் போன் செய்த குடும்பங்கள் எத்தனையோ. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 39 மருத்துவமனைகளில் 464 பேரிடம் சோதித்து, பிளாஸ்மா பலன் தரவில்லை என்று 2020 அக்டோபரிலேயே வெளியிட்டிருந்தது: நோய் முற்றியோரும் இறந்தோரும் சேர்ந்து ஒரு பக்கம் 19 சதவீதம், மறுபக்கம் 18. அரசின் சிகிச்சை வழிகாட்டுதலிலிருந்து பிளாஸ்மா நீக்கப்பட்டது 2021 மே மாதத்தில்தான்.

2020 மார்ச்சில் இரண்டு மருத்துவர்கள் இருந்ததாக வைத்துக்கொள்வோம். ஒருவர் உள்ளுணர்வை நம்பி எல்லாருக்கும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் கொடுக்கிறார். மற்றவர், வழக்கமாக ஸ்டீராய்டு கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும், அதே உள்ளுணர்வால் எல்லாருக்கும் டெக்சாமெத்தசோன் கொடுக்கிறார். பிரிட்டனின் 'ரெகவரி' ஆய்வு ஜூன் மாதம் முடிவைச் சொன்னது: முதல் மருந்து பயனற்றது, இரண்டாவது உயிர் காக்கிறது. கிளிஃபர்டைக் கேட்டால் இருவரும் ஒரே குற்றவாளிகள் என்பார். ஒரு கப்பல் மூழ்கியது, ஒன்று கரை சேர்ந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். கேட்பவர் மனம் இதை ஏற்காது. சரியாக ஊகித்தவருக்கு நன்றி சொல்லத்தான் தோன்றும்.

ஆனால் அவர் சரியாக ஊகித்தாரா? 'ரெகவரி'யில் 2,104 பேருக்கு டெக்சாமெத்தசோன், 4,321 பேருக்கு வழக்கமான சிகிச்சை. வென்டிலேட்டரில் இருந்தவர்களில் இறப்பு 41.4 சதவீதத்திலிருந்து 29.3 ஆகக் குறைந்தது. வெறும் ஆக்சிஜனில் இருந்தவர்களில் 26.2-லிருந்து 23.3. மூன்றாவது பிரிவில், ஆக்சிஜனே தேவைப்படாதவர்களில், மருந்து பெற்றோர் 17.8 சதவீதமும் பெறாதோர் 14 சதவீதமும் இறந்தார்கள். பலன் இல்லை, கெடுதலாகக்கூட இருக்கலாம். மார்ச்சில் ஊகித்தவர் மூன்று பிரிவினருக்கும் சேர்த்தே கொடுத்திருந்தார். அவர்களைப் பிரித்தறிய அவரிடம் வழியே இல்லை. அடுத்த ஆண்டு இந்தியாவில் அதுகூட ஒரு சாக்கு ஆக முடியாது. காய்ச்சல் வந்த முதல் நாளே வீட்டில் ஸ்டீராய்டு மாத்திரை விழுங்கியவர்களும், விழுங்கச் சொன்னவர்களும் இருந்தார்கள், சர்க்கரை எகிறியது, ஆயிரக்கணக்கானோர் கறுப்புப் பூஞ்சை நோயோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். 'ஸ்டீராய்டு உயிர் காக்கும்' என்று அவர்கள் நம்பிய அதே கட்டுரையின் சுருக்கத்திலேயே, ஆக்சிஜன் தேவைப்படாதவர்களைப் பற்றிய அந்த எண்களும் அச்சாகியிருந்தன.